மூச்சுப் படாத பொறி

அத்தியாயம் 6

நான்கு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்து அந்த அம்மாவைக் கைது செய்வார் என்று முடிவாகிவிட்டது. ஆய்வுக்கூடத்து வாசலில் நாங்கள் வண்டியை நிறுத்தியபோது மணி ஒன்றே கால். இருந்த கொஞ்ச நேரத்திலும் பத்து நிமிடத்தை வாசல் காவலாளி தின்றுவிட்டார்.

"என்ன வேலையா வந்திருக்கீங்க?" என்று நோட்டைப் புரட்டினார்.

"துப்பறிய" என்றேன்.

"அப்படி ஒரு கட்டம் இதுல இல்லைங்களே. விருந்தாளி, ஒப்பந்தக்காரர், ரெண்டுதான் இருக்கு."

"அவரை விருந்தாளின்னு போடுங்க. நான் அவர் தங்கச்சியைக் கட்டினவன். என்னை ஒப்பந்தக்காரர்னே போடலாம்."

மச்சான் சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்தது என் கல்யாண ஆல்பத்தில் மட்டும்தான். அதுவும் போட்டோகிராபர் மூன்று தரம் கெஞ்சிய பிறகு.

என் மனைவியின் அண்ணன் அவர். துப்பறிவது அவர் தொழில். நான் பதினோரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து, முதுகு போய், அவரிடம் ஒட்டிக்கொண்டவன். மாப்பிள்ளை மரியாதைக்கு ஒரு குறையும் வைக்க மாட்டார். பையைத் தூக்கச் சொன்னால்கூட "கொஞ்சம் தூக்குங்க மாப்ளை" என்றுதான் சொல்வார். பை என்னவோ என் தோளில்தான்.

விஷயம் இதுதான். ஐந்து நாளுக்கு முன்பு இந்தக் கூடத்தின் உலர் அறையில் ஒருவர் செத்துக் கிடந்தார். லேசருக்குக் கண்ணாடி பொருத்துகிறவர். கூடத்தில் எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர். அறை முழுக்க நைட்ரஜன். அது விஷமில்லை, நாம் இழுக்கிற காற்றில் முக்கால் பங்கு அதுதான். ஆனால் அது மட்டுமே இருக்கிற இடத்தில் ஒரு மூச்சு இழுத்தால், இரண்டாவது மூச்சுக்கு நினைவு இருக்காது. இருமலும் வராது, திணறலும் வராது.

அன்று காலை நைட்ரஜன் வால்வைத் திறந்தது கேஸ் டெக்னீஷியன். திறக்கும் முன் அறையைச் சுற்றிப் பார்த்து, "யாராவது இருக்கீங்களா?" என்று மூன்று தரம் கூப்பிட்டு, கதவைப் பூட்டி, பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இருந்தது. உள்ளே ஆளும் இருந்தார். பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்று போலீஸ் முடிவுகட்டியது. காலை ஒன்பது மணிக்கு மேல் அவரை உயிரோடு பார்த்ததாகச் சொல்ல ஒருவரும் இல்லை. தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி தேய்க்கிற மனிதரை யார் பார்க்கப்போகிறார்கள்? பிரேதப் பரிசோதனை அறிக்கையோ, ஒன்பதிலிருந்து இரண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் என்று தாராளமாக எழுதியிருந்தது.

அந்த டெக்னீஷியன் செத்தவரின் மனைவி. இருபத்திரண்டு வருடத்து மனைவி.

நேற்று எங்கள் அலுவலகத்துக்கு வந்தவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அழவில்லை.

"ஜெயிலுக்குப் போகச் சொன்னா போறேன் சார். என் பொண்ணு அஞ்சு நாளா என் முகத்தைப் பார்க்கல. 'அப்பாவை நீதாம்மா கொன்னே'ன்னு சொல்லிட்டு அவ சித்தப்பா வீட்டுக்குப் போயிட்டா. நான் பார்த்தேன் சார். அறை காலியா இருந்துச்சு. அதை அவ நம்பினா போதும்."

பொதுவாகக் குற்றவாளி சிக்கினால் எங்களுக்கு ஒரு சந்தோஷம் வரும். இந்தக் கேஸில் யார் சிக்கினாலும் அது வரப்போவதில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

*

வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தாலும், மச்சான் கேட்டதால் அவரையே உலர் அறையைக் காட்ட அனுமதித்தார்கள். நடந்தால் நான்கு எட்டு நீளம், மூன்று எட்டு அகலம். சுவரெல்லாம் எஃகு. கதவைச் சுற்றி ரப்பர் விளிம்பு, வெளிப்பக்கம் அழுத்திப் பூட்டுகிற நெம்புகோல், கண் மட்டத்தில் தட்டு அளவுக்கு ஒரு கண்ணாடி. உள்ளே ஒரு கனத்த மேசை. அதன் மேல் ஒரு குழிக் கண்ணாடியும், அதற்கு எதிரே தேங்காய் பருமனில் ஒரு கண்ணாடிக் குடுவையும் இருந்தன.

"கீழே லேசர் ஹால்ல இருந்து இந்தக் குழாய் வழியாக் கதிர் வரும் சார்" என்றார் அந்த அம்மா. "டெராஹெர்ட்ஸ் கதிர்ம்பாங்க. கண்ணுக்குத் தெரியாது. இந்தக் குழிக் கண்ணாடி அதை ஒரு அரிசி அளவு இடத்துல குவிக்கும். அந்த இடத்துல இருக்கிற வாயு பத்திக்கும்."

"தீயா?" என்றார் மச்சான்.

"தீ இல்லை, குட்டி மின்னல். பிளாஸ்மான்னு சொல்வாங்க. கம்பி கிடையாது, எதுவும் தொடாது, குடுவை நடுவுல வெளிர் ஊதாவா ஒரு பொறி. செகண்டுக்கு ஒரு துடிப்பு வரும், துடிப்புக்கு ஒரு பொறி. டிக், டிக்னு சத்தம்கூடக் கேக்கும்."

"வாயு குடுவைக்குள்ள இருக்கு. அறைக்கு எதுக்கு நைட்ரஜன்?"

"காத்துல ஈரம் இருக்கே சார். இந்தக் கதிருக்கு எமன் ஈரம்தான். குடுவைக்கு வந்து சேர்றதுக்குள்ள வழியிலேயே குடிச்சிரும். அதனால அறைக் காத்தை வெளியேத்திட்டுக் காஞ்ச நைட்ரஜனை நிரப்புவோம். முழுசாக் காய மூணு மணி நேரம் ஆகும். அப்புறம் கதவை ஒரு கணம் திறந்தாக்கூட அரை நிமிஷம் பொறி வராது. கதிர் போற வழியில ஒரு ஆள் மூச்சு விட்டாலே அணைஞ்சிரும்."

மச்சான் அந்தக் கடைசி வாக்கியத்தை உதட்டுக்குள்ளேயே ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"அன்னைக்குப் பொறி எத்தனை மணிக்கு வந்துச்சு?"

"ஒன்பதேகாலுக்கு வால்வு திறந்தேன். சரியாப் பன்னெண்டேகாலுக்கு வந்துச்சு. தலைமை அலுவலகத்துல இருந்து அஞ்சு பேர் வந்திருந்தாங்க, இந்தக் கூடத்தை வெச்சுக்கலாமா மூடலாமான்னு பார்க்க. எல்லாரும் கன்ட்ரோல் ரூம்லதான் இருந்தோம்."

விஞ்ஞானம் பேச ஆரம்பித்தால் எனக்குக் கொட்டாவி வரும். கதவு என்றால் அப்படியில்லை, பதினோரு வருடம் கதவோடுதான் குடித்தனம். நிலையின் மேல் மூலையில் ஒரு சின்ன சுவிட்ச் இருந்தது. அதை ஒட்டி விரல்நகம் அளவுக்குச் சதுரமாக ஒரு பசைத் தடம், அழுக்கேறிக் கறுத்திருந்தது. எனக்கு வாய்விட்டுச் சொல்லலாம் போலிருந்தது, வாடா மகனே, உன்னைத் தெரியாதா எனக்கு.

"மச்சான், இந்தக் கதவு திறந்தா லேசர் தானா நிக்கணும். அதுக்குத்தான் இந்த சுவிட்ச். இதுல ஒரு காந்தத்தை ஒட்டிட்டா, கதவு திறந்திருந்தாலும் மூடியிருக்குன்னு மெஷின் நம்பிக்கும். இங்க ஒட்டி ஒட்டி எடுத்திருக்காங்க. ஒரு நாள் வேலை இல்லை இது, பழக்கம். எங்க தொழில்ல இதைப் பண்ணி மாட்டினா வேலை போயிரும்."

"நீங்க பண்ணியிருக்கீங்களா மாப்ளை?"

"நான் மாட்டினதில்லை."

அந்த அம்மா பசைத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு இது தெரியாது சார்" என்றார். குரல் உள்ளே போயிருந்தது.

கதவின் உட்பக்கத்தைத் தடவினேன். கைப்பிடி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு தகடு, நான்கு போல்ட்.

"உள்ளேயிருந்து திறக்கற கைப்பிடி எங்கேக்கா?"

"கசியுதுன்னு போன மழைக்காலத்துல கழட்டிட்டாங்க தம்பி. திரும்பப் போடச் சொல்லி மூணு தடவை எழுதிக் கொடுத்தேன்."

"சாவி எத்தனை?"

"ரெண்டு. ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு இயக்குநர் மேசையில."

*

இயக்குநரின் மேசையில் பென்சில்கள்கூட உயர வரிசைப்படி கிடந்தன. மனிதரும் அப்படித்தான். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை, பேச்சில் ஒரு சுமார் இல்லை.

"ரெண்டு மணி வாக்குல உடம்பைப் பார்த்திருக்கீங்க" என்று ஆரம்பித்தேன்.

"ரெண்டு பதினேழு."

"மேசைக்கு அந்தப் பக்கம், ஒரு ஆறடி தள்ளி..."

"ஒன்று புள்ளி ஆறு மீட்டர்."

இவரிடம் கொஞ்ச நேரம், கிட்டத்தட்ட என்றெல்லாம் பேசினால் ஜுரமே வந்துவிடும் போலிருந்தது. வீட்டில் எப்படிக் காலம் தள்ளுகிறார்களோ.

சுவரில் புதுச் சட்டகம் போட்ட ஒரு வரைபடம் மாட்டியிருந்தது. அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி ஒரே நேர்கோடு. மச்சான் அதன் முன்னால் போய் நின்றார்.

"நாற்பது நிமிஷம்" என்றார் இயக்குநர். இப்போதுதான் அவர் குரலில் கொஞ்சம் ரத்தம் ஓடியது. "ரெண்டாயிரத்து நானூறு துடிப்பு, ரெண்டாயிரத்து நானூறு பொறி. ஒண்ணுகூடத் தவறல. இதுவரைக்கும் இந்த வாயுவுல, இந்த அழுத்தத்துல யாரும் காட்டினதில்லை. கூடத்தை மூட வேண்டாம்னு அங்கேயே, அந்த ரூம்லயே முடிவு பண்ணினாங்க."

"அவர் செத்துக் கிடந்த அன்னைக்கு."

"அது எங்களுக்கு அப்போ தெரியாது."

மச்சான் வரைபடத்தின் இடது ஓரத்தை விரலால் தொட்டார். "இது பன்னெண்டு அம்பத்தொண்ணுல தொடங்குது. பொறி பன்னெண்டேகாலுக்கே வந்துடுச்சாமே?"

"அப்போ சரியா நிலைக்கல. ஆரம்பத் தடுமாற்றத்தைச் சேர்க்கறது வழக்கமில்லை."

"அந்த அரை மணி நேரத்தைப் பார்க்கலாமா?"

"முப்பத்தாறு நிமிஷம். கணினியில இடம் போதாம அழிச்சாச்சு."

வெளியே வந்ததும் சொன்னேன். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறாரு மச்சான்."

"முப்பத்தாறு நிமிஷத்தை மட்டும்தான் மறைக்கிறாரு. மாப்ளை, அம்பு விடறவன் ஒருத்தன், அடி வாங்கற குறி வேற ஒரு இடத்துல. குறி தைச்சுதா இல்லையான்னு விட்டவனுக்குத் தெரியணுமா வேண்டாமா?"

"தெரியணும்."

"அப்போ கீழே போவோம்."

*

லேசர் ஹால் ரயில் நிலைய நடைமேடை போல நீண்டு கிடந்தது. அதன் கோடியில், தடுப்புக்குப் பின்னால், லேசர் ஆபரேட்டர் தனியாக உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற இரண்டு வருடம் பாக்கி. கணினியை நம்பாதவர், எல்லாவற்றையும் தாளில் பதிகிறவர் என்பதால் அவருக்குப் பெயரே காகிதம். பக்கத்தில் ஒரு பழைய பேனா இயந்திரம் இருந்தது. மேலே ஒரு பொறி பத்தினால், இங்கே சுருளாக ஓடுகிற தாளில் பேனா ஒரு கோடு கிழிக்கும். பத்தாவிட்டால் வெற்றிடம்.

"சுருளையெல்லாம் வெச்சிருக்கீங்களா?" என்றார் மச்சான்.

அவர் எழுந்து போய், அலமாரியிலிருந்து நான்கைந்து சுருள்களைக் கொண்டுவந்தார். அன்றைய சுருள் அதில் இல்லை என்பது தேதியைப் பார்த்ததும் தெரிந்தது. மச்சான் அதைக் கேட்கவில்லை. பழைய சுருள்களை ஒவ்வொன்றாக மேசையில் உருட்டினார். சீப்புப் பல் மாதிரி வரிசையாகக் கோடுகள். ஆனால் எல்லாச் சுருளிலும் எங்காவது ஓரிடத்தில், அடுத்தடுத்து இரண்டு ஓட்டை. அரை நிமிடம் வெற்றிடம், பத்துப் பன்னிரண்டு கோடு, மறுபடி அரை நிமிடம் வெற்றிடம். அதற்குப் பிறகு சீப்பு முன்னைவிட நெருக்கமாகிவிடும்.

"இது என்ன, எப்பவும் ஜோடியா வருது?"

காகிதம் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"முக்குளிப்பு" என்றார் கடைசியில்.

"புரியல."

"சூட்டுல மேலே இருக்கிற கண்ணாடி ஒரு மயிரிழை நகர்ந்துரும் சார். ஒரு ஸ்க்ரூவைக் கால் சுத்து திருப்பினா போதும். முறைப்படி செய்யணும்னா விசிறியைப் போட்டு நைட்ரஜனை வெளியேத்தணும், உள்ளே போய்த் திருப்பணும், மறுபடி மூணு மணி நேரம் காய வைக்கணும். அன்னைக்குப் பொழுதே போச்சு. அதனால மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உள்ளே போவாங்க. மூச்சு விடாததால பொறியும் கெடாது, நைட்ரஜனும் உள்ளே போகாது. ஒருத்தர் போவார், இன்னொருத்தர் வெளியில கதவைச் சாத்திட்டு நாப்பது எண்ணுவார். நாப்பதுல திறப்பார். ஆறு வருஷமா நடக்குது. ஒண்ணும் ஆனதில்லை."

"அந்த அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா வால்வை மூடிட்டு வீட்டுக்கே போயிருப்பாங்க. அவங்க இந்தப் பக்கம் இல்லாத நேரம் பார்த்துத்தான் செய்வாங்க."

"போகும்போது ஒரு ஓட்டை, வரும்போது ஒரு ஓட்டை" என்றார் மச்சான். "இப்போ அன்னைக்கு ஓடின சுருளைக் கொடுங்க."

அது அலமாரியில் இல்லை, அவருடைய சாப்பாட்டுப் பையில் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோவதும், கொளுத்த மனசில்லாமல் திரும்பக் கொண்டுவருவதுமாக ஐந்து நாள் சுமந்திருக்கிறார்.

மேசையில் நானே உருட்டினேன். பன்னிரண்டேகாலில் தொடங்கி மூன்று துடிப்புக்கு இரண்டு கோடு, பொக்கை வாய்ச் சீப்பு. பன்னிரண்டு ஐம்பதுக்கு வெற்றிடம், சரியாக அரை நிமிடம். பிறகு ஏழெட்டுக் கோடு தட்டுத்தடுமாறி. திடீரென்று ஒரு பல்கூட உதிராமல் நெருக்கமாக ஓடத் தொடங்கியது. நான் உருட்டிக்கொண்டே போனேன். மேசை முடிந்து தாள் தரையில் விழுந்தது. முழங்காலிட்டு அங்கேயும் உருட்டினேன். லேசரை நிறுத்திய ஒன்று முப்பத்தொன்று வரைக்கும் தேடினேன்.

இரண்டாவது ஓட்டை வரவே இல்லை.

"கீழே உக்காந்து இதைப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன் சார்" என்றார் காகிதம். "கோடு நெருங்கினதும், கண்ணாடிக்காரர் கை வெச்சுட்டார்னு சந்தோஷப்பட்டேன். அடுத்த ஓட்டை வரலைன்னு தோணவே இல்லை. ரெண்டேகாலுக்கு மாடியில கூச்சல் கேட்டப்புறம்தான் சுருளைத் திரும்பப் பார்த்தேன்."

"அஞ்சு நாளா ஒரு பொம்பளை கொலைகாரின்னு பேர் வாங்கிக்கிட்டு நிக்கறாங்க. நீங்க சாப்பாட்டுப் பையில சாட்சியை வெச்சுக்கிட்டுச் சோறு தின்னிருக்கீங்க" என்றேன்.

"நாலு மாசமா மூடப்போறாங்க, மூடப்போறாங்கன்னு பயந்துக்கிட்டிருந்தோம் தம்பி. இப்போதான் வேண்டாம்னாங்க. நாப்பது குடும்பம்."

"நாப்பத்தொண்ணுல ஒண்ணைக் கழிச்சுட்டீங்க."

"விடுங்க மாப்ளை" என்று மச்சான் சுருளைச் சுற்றினார். "அவரைத் திட்டறதுக்கு இன்னைக்கு நேரமில்லை."

மாடிக்குப் போனதும் மச்சான் அந்த அம்மாவை ஓரமாகக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். பன்னிரண்டு ஐம்பதுக்குக் கன்ட்ரோல் ரூமைவிட்டு வெளியே போனது யார்?

"இயக்குநர் மட்டும்தான் சார். பொறி சரியா நிலைக்கலைன்னு விருந்தாளிங்க முகம் சுளிச்சாங்க. அஞ்சு நிமிஷத்துல வரேன்னு போனார். அதுக்குள்ள அதுவா நிலைச்சிடுச்சு."

*

மூன்று ஐம்பதுக்குக் கன்ட்ரோல் ரூமில் எல்லோரும் இருந்தார்கள். இன்ஸ்பெக்டர் கைது பேப்பரைப் பிரித்து வைத்திருந்தார். ஜன்னலோரம் அந்த அம்மாவின் மகள், இருபது வயதிருக்கும், சித்தப்பாவின் கையைப் பிடித்தபடி நின்றாள். அம்மா உள்ளே வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மாவைக் கூட்டிப்போவதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள். இருபது வயதில் இவ்வளவு கோபத்தை ஒருத்தி சுமக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

மச்சான் சுருளை மேசையில் விரித்தார். ஈரம், கதவு, அரை நிமிட வெற்றிடம், முக்குளிப்பு என்று நான்கே வாக்கியத்தில் இன்ஸ்பெக்டருக்குச் சொன்னார்.

"வெற்றிடத்துக்கு முன்னாடி பாருங்க, பொறி மூணுக்கு ரெண்டுதான். பின்னாடி ஒண்ணுகூடத் தவறல. நடுவுல ஒருத்தர் உள்ளே போய் அந்த ஸ்க்ரூவைத் திருப்பியிருக்கார். இந்தக் கட்டடத்துல அதுக்குக் கை வர்ற ஆள் ஒருத்தர்தான். காலையில ஒன்பதேகாலுக்குச் செத்த மனுஷன் மத்தியானம் வந்து ஸ்க்ரூ திருப்ப மாட்டார் சார்."

ஜன்னலோரம் அந்தப் பெண் திரும்பினாள்.

"அப்போ காலையில அறை..." என்றார் இன்ஸ்பெக்டர்.

"காலியாத்தான் இருந்தது. அவங்க பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டாங்க."

காகிதத்தைத் திட்டிய வாயால் மச்சானை வாழ்த்தலாம் என்று எனக்குத் தோன்றியது. அதற்குள் இயக்குநர் முந்திக்கொண்டார்.

"உண்மை வெளியே வந்ததுல சந்தோஷம். அவரே விதியை மீறி உள்ளே போயிருக்கார். வருத்தமான விபத்து. யார் மேலயும் குத்தமில்லை."

"அப்படித்தான் தெரியுது" என்று இன்ஸ்பெக்டர் பேப்பரை மடித்தார். "அம்மா, நீங்க வீட்டுக்குப் போகலாம்."

அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். வந்த வேலை முடிந்தது என்று நான் பையைக்கூடத் தோளில் மாட்டிவிட்டேன். மச்சான் மட்டும் நகரவில்லை.

"அந்தக் கதவுக்கு உள்ளே கைப்பிடி கிடையாது" என்றார். "போனவரை வெளியே விட ஒருத்தர் நின்னாகணும். மத்த நாள்ல ரெண்டு ஓட்டை. அன்னைக்கு ஒண்ணு. உள்ளே இருந்தவர் மேசைக்கு அந்தப் பக்கம் விழுந்துட்டதால அவர் மூச்சும் கதிர்ல படல. நின்னவர் கதவைத் திறக்கவே இல்லை."

"யார் நின்னாங்களோ" என்றார் இயக்குநர். "சாவி என் மேசை மேலேதான் கிடக்கும். யாரும் எடுக்கலாம்."

"எடுத்தவர் அவசரக்காரர். இங்கே விருந்தாளிங்க காத்திருக்காங்கன்னு பாதியிலேயே ஓடிவந்துட்டார். நாப்பது எண்ணவேண்டியவர் இருபதோ முப்பதோ எண்ணி..."

"நாற்பதும் எண்ணினேன்" என்றார் இயக்குநர்.

அவருக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் தான் சொன்னது கேட்டது. தப்பான எண்ணைப் பொறுத்துக்கொள்ள முடியாத மனிதர், பாவம், என்று சொல்ல வாயெடுத்தேன். பாவம் என்ற சொல்லை விழுங்கிக்கொண்டேன்.

"எண்ணினீங்க. அப்புறம்?" என்றார் மச்சான். குரலை உயர்த்தவில்லை.

இயக்குநர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "கதவுக்கு மேலே ஒரு ஸ்பீக்கர் இருக்கு. நாற்பதுல கை நெம்புகோல்லதான் இருந்துச்சு. அப்போ பொறி நிலைச்சிடுச்சு. டிக், டிக்னு ஒண்ணுகூட விடாம. இந்த ரூம்ல கைதட்டற சத்தம் கேட்டுச்சு. திறந்தா அணைஞ்சிடும். அவர் அறுபது வரைக்கும் பிடிப்பார், நான் பார்த்திருக்கேன். இன்னும் பத்து எண்ணலாம்னு நெனச்சேன். அப்புறம் இன்னொரு பத்து."

"கதவுல கண்ணாடி இருக்கே. எட்டிப் பார்க்கலையா?"

"பார்த்தா திறக்கவேண்டியிருக்கும்."

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். "எத்தனை வரைக்கும் எண்ணினீங்க?"

"முன்னூத்திப் பன்னெண்டு" என்றார் இயக்குநர். "அதுக்கு மேல திறந்து பிரயோஜனம் இல்லை."

இருபது வருடத்தில் எத்தனையோ குற்றத்தைப் பார்த்த மச்சான் அந்த எண்ணைக் கேட்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குக் கிண்டல் எதுவும் வரவில்லை. அந்த ஆளின் சுருக்கமில்லாத சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. இன்ஸ்பெக்டரே எழுந்து அவர் தோளில் கைவைத்து வெளியே கூட்டிப்போனார். கதவருகே நின்றிருந்த காகிதம், வழிவிட்டு ஒதுங்கும்போது தலையை நிமிர்த்தவில்லை.

சித்தப்பாவும் பின்னாலேயே போனார். அறையில் எங்களைத் தவிரத் தாயும் மகளும்தான் மிஞ்சினார்கள். அந்தப் பெண் மெல்ல வந்து அம்மாவின் எதிரே உட்கார்ந்தாள்.

"தப்பாச் சொல்லிட்டேம்மா" என்றாள்.

அந்த அம்மா அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. மேசையில் கிடந்த சுருளை, கோடுகள் நெருக்கமாகத் தொடங்கிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இங்கதான் நின்னுக்கிட்டிருந்தேன்டி. இந்த ஸ்க்ரீன் முன்னாடி. பொறி அப்படியே அசையாம நின்னுச்சு. உங்கப்பா வெச்ச கண்ணாடிதானேன்னு எனக்குப் பெருமை தாங்கல. முதல்ல கைதட்டினது நான்தான். நான் தட்டினதைப் பார்த்துத்தான் மத்தவங்க தட்டினாங்க."

அந்தப் பெண் அம்மாவின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் அறையைவிட்டு வெளியே வரும்வரை விடவில்லை.